களையும் பயிரும்: பயங்கரவாதத் தடுப்பு பற்றி ஆய்வுகள் சொல்வது



ஏழை எளியவர்களின் வழக்குகளுக்காக வாழ்நாளைச் செலவிட்ட ஒரு வழக்கறிஞரின் நினைவாக, அவருடைய துணைவியார் நிறுவிய அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. அம்மையார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். என்னை அழைத்தபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள். பிள்ளைகள் எழுந்து போகும்போது அவர்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்." அந்த நிபந்தனையை மனத்தில் வைத்தே இந்தத் தலைப்பைத் தேர்ந்தேன். முப்பது ஆண்டுகள் குற்றவியல் கற்பித்தவன் நான். கற்பித்தவற்றுள் மிகவும் பயந்து பயந்து கற்பித்த பாடம் பயங்கரவாதம். இதில் தவறாக ஒரு சொல் சொன்னாலும் அது யாரோ ஒருவருடைய இழப்பின் மேல் போய் விழும்.

நான் காவிரிப் பாசனத்தில் பிறந்தவன். என் தாயார் களையெடுக்கும் கூலி வேலைக்குப் போனவர். செங்கோன்மையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வள்ளுவர் கொடியவரை அரசன் ஒறுப்பதைக் களையெடுப்புக்கு ஒப்பிட்டார் என்பது இங்கே எல்லோரும் அறிந்தது. அந்த உவமையைப் பள்ளியில் படிக்கும் முன்பே வயலில் நான் பார்த்துவிட்டேன். நெல்லோடு கூடவே முளைக்கும் ஒரு புல் உண்டு. நிறமும் நெல்லைப் போல, நிமிர்ந்து நிற்பதும் நெல்லைப் போல. வரப்பில் நின்று பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் நெல்லுக்கு இலையும் தண்டும் சேரும் இடத்தில் சிறு நாக்குப் போல மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். அந்தப் புல்லுக்கு அது கிடையாது. களையெடுப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடமே அதுதான்.

கொடியவரை ஒறுக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இல்லை. பேருந்து நிலையத்தில் குண்டு வைப்பவனைத் தண்டித்தே ஆக வேண்டும். பயிர் எது, களை எது என்று பிரித்தறியாத அரசு என்ன விளைவிக்கிறது என்பதே என் கேள்வி. கடந்த நாற்பது ஐம்பது ஆண்டு ஆய்வுகள் இதற்கு ஓரளவு தெளிவான விடை தந்திருக்கின்றன. அந்த விடையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சொல்லும் கணக்கும்

முதலில் ஒரு தடையைக் கடக்க வேண்டும். பயங்கரவாதம் என்றால் என்ன? நெதர்லாந்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஷ்மிட் என்ற ஆய்வாளர் 1980களில் இதற்கு அறிஞர்களும் அரசுகளும் தந்த வரையறைகளைத் திரட்டினார். 109 வரையறைகள் கிடைத்தன. ஐக்கிய நாடுகள் அவையில் இதற்கென ஒரு முழுமையான உடன்படிக்கை வேண்டும் என்று 1996-இல் இந்தியாவே வரைவு கொடுத்தது. அது இன்னும் நிறைவேறவில்லை. யாருடைய வன்முறை பயங்கரவாதம், யாருடையது விடுதலைப் போர் என்பதில் நாடுகள் உடன்படவில்லை. இன்றைய பேச்சுக்கு எளிய வரையறை ஒன்று போதும்: பொதுமக்களைக் கொன்று, கொல்லப்படாதவர்களை அச்சுறுத்தி, அதன் வழியே அரசியல் நோக்கத்தை அடைய முயல்வது.

கணக்கின் கதையும் கேட்கத்தக்கது. உலகில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களை 1970 முதல் தொகுத்த தரவுத்தளம் ஒன்று அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகள் அதில் உள்ளன. அதன் தொடக்கம் பிங்கர்ட்டன் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்கள் பல ஆண்டுகள் சேர்த்துவைத்த குறிப்புகள். அந்த நிறுவனம் அலுவலகம் மாறியபோது 1993-ஆம் ஆண்டின் குறிப்புகள் தொலைந்துபோயின. இன்றும் ஆய்வாளர்கள் வரையும் வரைபடங்களில் அந்த ஓர் ஆண்டு மட்டும் வெற்றிடமாகக் கிடக்கிறது. நம் அறிவு எவ்வளவு புதியது, எவ்வளவு எளிதில் உடையக்கூடியது என்பதற்கு அந்த வெற்றிடமே சாட்சி. அரசுகளோ இந்த அறிவு வருவதற்கு நெடுங்காலம் முன்பே சட்டம் இயற்றத் தொடங்கிவிட்டன.

விடியற்காலைக் கதவுத் தட்டல்

இனி ஒரு மண்ணுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். வட அயர்லாந்து. பரப்பில் நம் மாவட்டங்கள் சிலவற்றைச் சேர்த்தது போன்ற ஒரு பகுதி. முப்பது ஆண்டுகளில் அங்கே 3,500-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டண்டுப் பெரும்பான்மை, அயர்லாந்தோடு சேர விரும்பிய கத்தோலிக்கச் சிறுபான்மை, இரு பக்கமும் ஆயுதக் குழுக்கள், நடுவே பிரிட்டன் ராணுவம். இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அடக்குமுறையிலிருந்து பேச்சுவார்த்தை வரை ஓர் அரசு கையாளக்கூடிய எல்லா வழிகளும் அங்கே கையாளப்பட்டன. அவற்றின் விளைவுகள் நாள் வாரியாகப் பதிவாகியிருக்கின்றன.

1971 ஆகஸ்ட் 9, விடியற்காலை. ராணுவம் வீடு வீடாகப் புகுந்து 342 பேரைப் பிடித்தது. விசாரணை இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை, காலவரம்பு இல்லை. பிடிபட்ட அனைவரும் கத்தோலிக்கச் சமூகத்தின் பக்கம் நின்றவர்கள். புராட்டஸ்டண்டு ஆயுதக் குழுக்களைச் சேர்ந்த ஒருவரும் அன்று பிடிபடவில்லை. பட்டியல்கள் பழையவை. கத்தோலிக்கத் தரப்பின் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வின் முக்கிய ஆட்கள் பலர் முன்பே தலைமறைவாகிவிட்டனர். இரண்டு நாளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 9 தொடங்கி மூன்று நாட்களில் பெல்ஃபாஸ்டின் பாலிமர்ஃபி பகுதியில் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒரு பாதிரியாரும் எட்டுப் பிள்ளைகளின் தாய் ஒருவரும் இருந்தார்கள். பத்துப் பேரும் முற்றிலும் குற்றமற்றவர்கள் என்று மரண விசாரணை நீதிமன்றம் அறிவித்தது. அறிவித்த ஆண்டு 2021. ஐம்பது ஆண்டு கழித்து.

பிடிபட்டவர்களுள் 14 பேரைத் தனியே கொண்டுபோய் ஐந்து வழிமுறைகளில் வதைத்தார்கள். சுவரில் கை ஊன்றி மணிக்கணக்கில் நிற்க வைத்தல், தலையில் பையைக் கவிழ்த்தல், இடைவிடாத இரைச்சல், தூக்கம் மறுத்தல், உணவும் நீரும் மறுத்தல். மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை, ஆனால் சித்திரவதை ஆகாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. இன்றைய அளவுகோலில் அது சித்திரவதையே என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது.

அந்த விசாரணையற்ற காவல் 1975 டிசம்பர் வரை நீடித்தது. மொத்தம் 1,981 பேர் அடைக்கப்பட்டனர். அவர்களுள் 107 பேர் மட்டுமே புராட்டஸ்டண்டுத் தரப்பினர். வன்முறை குறைந்ததா? 1971-இல் ஆகஸ்ட் வரை நடந்த கொலைகளைப் போலப் பல மடங்கு அந்த ஆண்டின் எஞ்சிய ஐந்து மாதத்தில் நடந்தன. அடுத்த ஆண்டாகிய 1972, அந்த முப்பது ஆண்டிலும் மிகக் கொடியது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 480 பேர் மாண்டனர்.

அந்த ஆண்டின் ஜனவரி 30 அன்று டெரி நகரில் மக்கள் ஊர்வலம் போனார்கள். எதை எதிர்த்து? இதே விசாரணையற்ற காவலை எதிர்த்து. வான்வழிப் படைப்பிரிவு வீரர்கள் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தனர். காயமுற்ற இன்னொருவர் பின்னர் இறந்தார். அவசரமாக நடந்த முதல் விசாரணை வீரர்களைப் பெரும்பாலும் விடுவித்தது. சாவில் பிரபு தலைமையில் 1998-இல் தொடங்கிய இரண்டாம் விசாரணை 2010-இல்தான் முடிந்தது. சுடப்பட்டவர்களால் எந்த ஆபத்தும் இருக்கவில்லை என்று அது சொன்னது. பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் எழுந்து, நடந்ததற்கு எந்த நியாயமும் கற்பிக்க முடியாது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். இடைப்பட்ட 38 ஆண்டுகளில் அந்தத் தெருக்களின் இளைஞர்கள் எத்தனை பேர் ஆயுதக் குழுவின் வாசலில் போய் நின்றார்கள்! ஐ.ஆர்.ஏ. எவ்வளவு பிரசாரம் செய்திருந்தாலும் அந்த ஒரு பிற்பகல் சேர்த்துக் கொடுத்த ஆட்களைச் சேர்த்திருக்க முடியாது.

சீட்டாட்டமும் சிறையும்

இன்னொரு நாள். 1974 நவம்பர் 21. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர். பெரும்பாலோர் இளைஞர்கள். மாலை நேரத்தில் நண்பர்களோடு வந்தவர்கள். இந்த 21 பேரை மறக்காமல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவர்களிடம் நான் திரும்பி வருவேன்.

எட்டாம் நாள் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொற்கள் இருந்தன. அந்தத் தற்காலிகம் கால் நூற்றாண்டு நீடித்து, 2000-இல் நிரந்தரச் சட்டம் ஒன்றுக்கு இடம் கொடுத்தது.

குண்டு வெடித்த மறுநாளுக்குள் ஆறு அயர்லாந்துக்காரர்கள் பிடிபட்டனர். அவர்களில் ஐவர் இறந்துபோன ஐ.ஆர்.ஏ. ஆள் ஒருவரின் அடக்கத்துக்காக ரயிலில் போய்க்கொண்டிருந்தவர்கள். கையில் வெடிமருந்தின் தடம் இருக்கிறது என்றது வேதிச் சோதனை. அடித்து வாங்கிய வாக்குமூலங்கள் இருந்தன. 1975-இல் ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை. அந்த ஐவரும் ரயிலில் சீட்டாடிக்கொண்டு போயிருந்தார்கள். சீட்டுகளின் மேற்பூச்சைத் தொட்டாலே அதே சோதனை அதே விடையைத் தரும் என்பது பின்னர் தெரிந்தது. காவல்துறை தங்களை அடித்தது என்று அந்த ஆறு பேரும் உரிமையியல் வழக்குப் போட்டபோது, 1980-இல் நீதிபதி டென்னிங் பிரபு அதைத் தடுத்தார். இவர்கள் வென்றால் காவல்துறை பொய் சொன்னதாக, வன்முறை செய்ததாக ஆகிவிடும், அது நினைத்துப் பார்க்கவே முடியாத காட்சி, ஆகவே வழக்கு மேலே போகக் கூடாது என்பது அவர் வாதம். இங்கே இருக்கும் சட்ட மாணவர்கள் இந்தத் தீர்ப்பைத் தேடிப் படிக்க வேண்டும். பெரிய அறிவாளி ஒருவரும் அச்சத்தின் பிடியில் எப்படி வழுக்குவார் என்பதற்கு அது பாடம். ஆறு பேரும் 1991 மார்ச் 14 அன்று குற்றமற்றவர்களாக வெளியே வந்தார்கள். பதினாறு ஆண்டு போயிற்று.

இப்போது அந்த 21 பேரிடம் வருவோம். அவர்களைக் கொன்றவர் யார் என்பது இன்றுவரை எந்தக் குற்றவியல் நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை. தவறான ஆறு பேர் உள்ளே இருந்த பதினாறு ஆண்டும் உண்மையான கொலையாளிகள் வெளியே இருந்தார்கள்.  மனித உரிமை பேசுகிறவர்களைப் பார்த்து, பாதிக்கப்பட்டவர்களை மறந்துவிட்டீர்களே என்று கேட்பவர்கள் உண்டு. பர்மிங்காமில் பாதிக்கப்பட்டவர்களை மறந்தது யார்? அந்த 21 குடும்பங்களுக்கும் நீதியை மறுத்தது அவசரம்.

அளந்து பார்த்தவர்கள்

கதைகள் உருக்கமானவை. கதையை வைத்துக் கொள்கை வகுக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னால் அதை ஏற்கிறேன். கேரி லஃப்ரீ, லாரா டூகன், ராவன் கோர்ட்டி என்ற மூன்று குற்றவியலாளர்கள் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். 1969 முதல் 1992 வரை வட அயர்லாந்தில் பிரிட்டன் எடுத்த ஆறு பெரிய நடவடிக்கைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் பிறகும் புதிய தாக்குதல் நிகழும் வாய்ப்பு கூடியதா, குறைந்ததா என்று புள்ளியியல் முறையில் அளந்தனர். தண்டனையைக் கண்டு பயந்து ஒதுங்குவார்கள் என்பது ஒரு கொள்கை. அடித்தால் திருப்பி அடிப்பார்கள் என்பது இன்னொன்று. தரவுகள் பெரிதும் இரண்டாவதன் பக்கமே நின்றன.

ஆறில் ஒன்று மட்டும் பலித்தது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1972 ஜூலை 31 அன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படையினர், டெரியிலும் பெல்ஃபாஸ்டிலும் ஆயுதக் குழுக்கள் தடுப்பரண் போட்டு ஆண்டுகொண்டிருந்த பகுதிகளுக்குள் நுழைந்து அவற்றை மீட்டனர். 'மோட்டர்மேன் நடவடிக்கை' என்பது அதன் பெயர். அதன் பிறகு தாக்குதல்கள் கணிசமாகக் குறைந்தன. படை பலம் எப்போதுமே பயனற்றது என்று சொல்கிறவர்கள் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். என் வாசிப்பு இது: அன்று படை போனது ஓர் இடத்தைப் பிடிக்க. ஒரு சமூகத்தைப் பிடிக்கப் போகவில்லை. பெரிய ராணுவ நடமாட்டம் இருக்கும் என்று முந்தைய நாளே அரசு எச்சரித்தது. ஐ.ஆர்.ஏ.யும் எதிர்த்து நிற்காமல் ஒதுங்கிவிட்டது. ஆனாலும் டெரியில் ஆயுதமற்ற பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் படையினரால் சுடப்பட்டு இறந்தான். பலித்த நடவடிக்கைக்கும் ஒரு தாய் விலை கொடுத்தாள்.

லாரா டூகனும் எரிக்கா செனோவெத்தும் 2012-இல் இஸ்ரேலைப் பற்றி இதேபோன்ற ஆய்வு செய்தனர். 1987 முதல் 2004 வரை இஸ்ரேல் அரசு பாலஸ்தீனர் தொடர்பாக எடுத்த நடவடிக்கைகளை, அடக்கியவை, இணங்கிப்போனவை என்று பிரித்தார்கள். குற்றவாளியையும் அல்லாதவரையும் பிரிக்காமல் பொத்தாம்பொதுவாக அடித்த நடவடிக்கைகள் தாக்குதலைக் குறைக்கவில்லை. சாதாரண மக்களுக்கு நன்மை தந்த இணக்க நடவடிக்கைகளின் பிறகே தாக்குதல்கள் குறைந்தன. வேறு நிலம், வேறு காலம், வேறு சண்டை, ஆனாலும் விடை ஏறத்தாழ அதே.

முடிவு எப்படி வருகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். ராண்ட் நிறுவனத்தின் சேத் ஜோன்ஸ், மார்ட்டின் லிபிக்கி இருவரும் 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 குழுக்களை ஆராய்ந்தனர். முடிவுக்கு வந்த குழுக்களில் நூற்றுக்கு 43 அரசியல் வழிக்கு வந்து முடிந்தன. 40 காவல்துறையாலும் உளவுத்துறையாலும் முடிந்தன. 10 தம் நோக்கத்தை அடைந்தன. ராணுவத்தால் மட்டும் முடிந்தவை 7. இந்த நாலு எண்களை மாணவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குண்டுவெடிப்புக்கும் பிறகு தொலைக்காட்சியில் ராணுவத்தை அனுப்பச் சொல்லும் குரல் எழும்போது இவை உதவும்.

அந்த 40-ஐ ஒரு கணம் நின்று பாருங்கள். காவல்துறை எதை வைத்துப் பயங்கரவாதியைப் பிடிக்கிறது? தகவலை வைத்து. தகவல் எங்கிருந்து வருகிறது? அவன் வாழும் தெருவிலிருந்து, அவன் உறவினரிடமிருந்து, அவனுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்தவரிடமிருந்து. அந்தத் தெரு முழுவதையும் சந்தேகத்துக்குரியதாக்கிவிட்டால் தகவல் சொல்ல யார் வருவார்? பிரிட்டனில் வாழ்ந்த அயர்லாந்துக்காரர்கள் பட்ட பாட்டை ஆராய்ந்த பாடி ஹில்யார்ட், 1993-இல் தன் நூலுக்கு 'சந்தேகத்துக்குரிய சமூகம்' என்ற பொருள்படப் பெயரிட்டார். பின்னர் அதே சொல்லைப் பிரிட்டனின் முஸ்லிம்கள் தங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டார்கள். சந்தேகிக்கப்படும் சமூகம் முதலில் கற்றுக்கொள்வது வாயை மூடிக்கொள்ளத்தான்.

ஆளைப் பார்த்துத் தெரியுமா?

அப்படியானால் ஆபத்தானவரை முன்கூட்டியே அடையாளம் காண முடியாதா? அரை நூற்றாண்டாகத் தேடுகிறார்கள். பைத்தியக்காரர்கள் என்று நினைத்துத் தொடங்கினார்கள். பயங்கரவாதிகளிடம் பொதுவாகக் காணப்படும் தன்மை அவர்கள் இயல்பானவர்களாக இருப்பதே என்று 1981-இலேயே மார்த்தா கிரென்ஷா எழுதிவிட்டார். மனநல மருத்துவர் மார்க் சேஜ்மன் 2004-இல் அல்-கொய்தா தொடர்புடைய 172 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்தார். வறுமையோ படிப்பின்மையோ அவர்களை விளக்கவில்லை. பலரை உள்ளே இழுத்தவை நட்பும் உறவும். கொள்கை பிறகு வந்தது. முதலில் தோழன் வந்தான். அயர்லாந்தில் பிறந்த லூயிஸ் ரிச்சர்ட்சன், பயங்கரவாதிகள் தேடுவது பழிவாங்கல், புகழ், எதிர்வினை என்று மூன்றாகச் சுருக்கினார். மூன்றாவதைக் கவனியுங்கள். எதிர்வினை. அரசு நிதானம் இழந்து எல்லோரையும் அடிக்க வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். 1971 ஆகஸ்டில் பிரிட்டன் அதை அப்படியே நிறைவேற்றிக் கொடுத்தது.

ஓர் எளிய கணக்குப் போடுவோம். ஒரு கோடிப் பேர் வாழும் மாநகரம். அதில் வன்முறையில் இறங்கப்போகிறவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் அற்புதமான சோதனை நம்மிடம் இருக்கிறது என்றும் கற்பனை செய்வோம். அது அந்த 100 பேரில் 99 பேரைப் பிடித்துவிடும். மீதியுள்ள 99,99,900 பேரில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகப் பிடிக்கும். அதாவது 99,999 பேர். ஒரு குற்றவாளிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரபராதிகள். உண்மையில் எந்த அரசிடமும் இப்படிப்பட்ட சோதனை இல்லை. இருப்பது தாடி, பெயர், ஊர், சாதி, மதம், கைப்பேசியில் இருக்கும் படம். இவற்றைக் கொண்டு சலித்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

நம் வாசல்

வட அயர்லாந்துக் கதை நமக்கு எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். குண்டுகள் வெடித்த ஸ்ரீபெரும்புதூரும் கோவையும் நம் நினைவில் ஆறாத இடங்கள்.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியோடு பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காவலர்கள், தொண்டர்கள், கூட்டம் பார்க்க வந்தவர்கள். அவர்கள் பெயரை நாம் அதிகம் சொல்வதில்லை. வழக்கு தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடந்தது. காவல்துறை அதிகாரி முன் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்ற சட்டம் அது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனை. 19 பேருக்கு விடுதலை. தடா சட்டக் குற்றங்கள் நிறுவப்படவில்லை என்ற அதே தீர்ப்பு, தடாவின்படி எடுத்த வாக்குமூலங்கள் செல்லும் என்றது. பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகத் தண்டிக்கப்பட்ட இளைஞர், அது எதற்கென்று தனக்குத் தெரியாது என்று சொன்னதைத் தான் பதிவு செய்யவில்லை என்று, வாக்குமூலம் எடுத்த அதிகாரியே ஓய்வுபெற்ற பின் 2013-இல் சொன்னார். பத்தொன்பது வயதில் உள்ளே போன அந்த இளைஞரை 2022-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. தடா 1995-இல் காலாவதியாகிவிட்டது. அடுத்து வந்த பொடா 2002-இல் பிறந்து 2004-இல் நீக்கப்பட்டது. இரண்டின் கூறுகள் பலவும் இன்று சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் இருக்கின்றன.

கடல் கடந்தால் இலங்கை. அங்கே பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இல் தற்காலிகமாக வந்தது. தமிழ் இளைஞர்கள் பல்லாயிரம் பேர் அதன் வாயிலில் போய் விழுந்ததை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதன் நாற்பதாம் ஆண்டில், 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடுமையான சட்டம் இருந்தது. குறிப்பான உளவுத் தகவலும் முன்கூட்டியே இந்தியாவிலிருந்து வந்திருந்தது. அந்தத் தகவலின் மேல் செயல்பட யாரும் எழவில்லை. முன்னாள் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேனவும் உயர் அதிகாரிகளும் கடமை தவறினர் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு தர ஆணையிட்டது. தாக்குதலுக்குப் பிறகு நடந்தது என்ன? கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்ட உடை அணிந்திருந்த ஒரு முஸ்லிம் பெண், அது தர்மச் சக்கரம் என்று சொல்லிக் கைது செய்யப்பட்டார். கையில் இருந்த துல்லியமான தகவலைப் பாராமல் விட்டவர்கள், ஒரு பெண்ணின் உடைத் துணியை உற்றுப் பார்த்தார்கள்.

வேறு விதமாகவும் நடந்துகொள்ள முடியும். நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று வலதுசாரித் தீவிரவாதி ஒருவன் 77 பேரைக் கொன்றான். பலர் கோடை முகாமுக்கு வந்த பிள்ளைகள். அவனைச் சாதாரண நீதிமன்றத்தில், சாதாரணச் சட்டத்தின்படி விசாரித்துத் தண்டித்தார்கள். கூடவே அரசு தன்னையும் விசாரித்துக்கொண்டது. ஒரு வழக்கறிஞர் தலைமையில் அமைத்த ஆணையம், காவல்துறை இன்னும் விரைவாகப் போயிருக்கலாம் என்று ஏறத்தாழ ஓராண்டில் வெளிப்படையாக எழுதியது.

எப்படி முடிந்தது?

வட அயர்லாந்தின் முடிவைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். 1981-இல் பத்துக் கைதிகள் சிறையில் உண்ணாநிலையிருந்து இறந்தார்கள். அவர்களுள் முதலாவதாக இறந்த பாபி சாண்ட்ஸ் 66-ஆம் நாள் இறக்கும்போது நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். ஆயுதக்காரர்களும் வாக்குப்பெட்டியின் வலிமையைப் பார்த்தது அப்போதுதான். கொலைகாரர்களோடு பேசமாட்டோம் என்று அரசு மேடையில் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே, டெரியில் வறுத்த மீன் விற்கும் கடை நடத்திய பிரெண்டன் டட்டி என்ற மனிதர் இரு தரப்புக்கும் இடையே ரகசியமாகச் செய்தி சுமந்தார். ஜான் ஹியூம் என்ற தலைவர் தன் கட்சியாரின் ஏச்சையும் தாங்கிக்கொண்டு ஐ.ஆர்.ஏ. தரப்போடு பேசினார். 1994-இல் போர்நிறுத்தம் வந்தது. 1996-இல் உடைந்தது. மீண்டும் வந்தது. 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று உடன்பாடு. வட அயர்லாந்தில் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் அதை ஏற்றனர். நான்கே மாதத்தில் ஓமா நகரில் பிரிந்துபோன ஒரு குழு குண்டு வைத்து 29 பேரைக் கொன்றது. பழைய அரசாக இருந்தால் மறுநாள் விடியற்காலை கதவுகள் தட்டப்பட்டிருக்கும். இம்முறை உடன்பாடு நின்றது. ஒரு சமூகத்தின் படை என்று பேர் வாங்கிய காவல்துறையை 2001-இல் சீர்திருத்திப் புதிய அமைப்பாக்கினார்கள். இரு சமூகத்திலிருந்தும் சம அளவில் ஆள் எடுத்தார்கள்.

இந்த அமைதியின் விலை கசப்பானது. கொலைக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர்களையும் சேர்த்து நானூறுக்கும் மேற்பட்ட கைதிகள் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர். கொலையுண்டவர்களின் வீடுகளில் அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும்? 1987-இல் எனிஸ்கிலன் நகரில் ஐ.ஆர்.ஏ. குண்டு வெடித்தபோது இடிபாடுகளுக்கடியில் தன் மகளின் கையைப் பிடித்தபடி கிடந்தவர் கார்டன் வில்சன். செவிலியாகப் பணியாற்றிய அந்த மகள் இறந்தாள். அன்றே, தன் மனத்தில் பகை இல்லை என்று அந்தத் தகப்பன் வானொலியில் சொன்னார். பின்னர் ஐ.ஆர்.ஏ. ஆட்களை நேரில் சந்தித்து, நிறுத்துங்கள் என்று கேட்டார். வெறுங்கையோடு திரும்பினார். உடன்பாட்டைப் பார்க்காமலே 1995-இல் இறந்துபோனார். எல்லோரும் அவரைப் போல மன்னிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பாதிக்கப்பட்டவருக்கும் அரசு கடன்பட்டிருக்கிறது. உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். கிடைத்தவரைக் காட்டிக் கடனைத் தீர்த்துவிட முடியாது.

கையில் கொண்டுபோக

அம்மையாரின் நிபந்தனைக்கு வருகிறேன். இங்கே இருக்கும் மாணவர்களில் சிலர் வழக்கறிஞர் ஆவீர்கள், சிலர் காவல்துறைக்குப் போவீர்கள், ஒருவராவது சட்டம் இயற்றும் அவைக்குப் போகலாம். பயங்கரவாதத் தடுப்பு என்ற பெயரில் எந்த ஏற்பாடு உங்கள் முன் வந்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது செயலைப் பார்க்கிறதா, ஆளின் பிறப்பைப் பார்க்கிறதா? தவறாகப் பிடிபட்டவர் வெளியே வர எத்தனை நாள் ஆகும்? 'தற்காலிகம்' என்றால் எந்தத் தேதி வரை? பலிக்கிறதா என்று யார், எப்போது அளந்து மக்களுக்குச் சொல்வார்? இந்த நான்குக்கும் விடை இல்லாத ஏற்பாடு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது நம்மைக் காக்காது. 1971-இன் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

சிறுவனாக இருந்தபோது ஒருநாள் என் தாயாரோடு வயலில் இறங்கினேன். வேகமாக வேலை செய்து பாராட்டு வாங்க வேண்டும் என்று ஆசை. நின்றபடியே கை நிறையப் பிடுங்கி வரப்பில் போட்டேன். அம்மா வந்து அந்தக் குவியலைப் புரட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் நெல். அடிக்கவில்லை. என் கழுத்தில் கை வைத்து அழுத்தி, என் முகத்தைப் பயிருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "நின்னுக்கிட்டுப் புடுங்குனா நெல்லுதான்டா வரும். குனிஞ்சு கணுவைப் பாரு" என்றார்.

அன்று முழுவதும் குனிந்துதான் பிடுங்கினேன். மற்றவர்கள் முடித்த அளவில் பாதிகூட என்னால் முடியவில்லை. முதுகு வலித்தது. ஆனால் சாயங்காலம் வரப்பில் கிடந்தது அத்தனையும் களை.